ஒத்திகையை வரைந்தவர்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் எங்கு திரும்பினாலும் நாட்டியம். சபா வாசலில் பேனர், கையில் அழைப்பிதழ், நகைக்கடை விளம்பரம், பட்டுப்புடவைக் கடை காலண்டர் என்று எல்லாவற்றிலும் ஒரு நடனமணி நிற்கிறாள். அரைமண்டி அப்பழுக்கில்லாமல் இருக்கும், தலைசாமான் துலங்கும், கடைக்கண் ஒரு பக்கம் ஓடியிருக்கும். ஓவியக் கண்காட்சிகளிலும் நாட்டியம் என்றால் பெரும்பாலும் இதே படம்தான். எல்லாம் கூடிவந்த ஒரு நொடியில் ஆட்டத்தை நிறுத்தி வைத்த உருவம். அந்த நொடிக்காக அந்தப் பெண் ஆண்டுக்கணக்கில் பட்ட பாடு படத்தில் இருப்பதில்லை.

அந்த உழைப்பையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட நவீன ஓவியர் ஒருவர் உண்டு. பெயர் எட்கர் டெகா. 1834-ல் பாரிஸில் பிறந்து 1917-ல் அங்கேயே மறைந்தவர். ஓவியம், பேஸ்டல் (வண்ணப்பொடிக் குச்சியால் தீட்டுவது), அச்சு, கோட்டோவியம் எல்லாம் சேர்த்துப் பாலே நடனக்காரிகளை மட்டும் சுமார் 1,500 படைப்புகளில் வரைந்திருக்கிறார். மெல்லிய பாவாடையும் இளஞ்சிவப்பு ஒளியுமாக அவற்றின் அச்சுப் பிரதிகள் நம் ஊர் வரவேற்பறைகளிலும் தொங்குகின்றன. அழகான படங்கள் என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். அவற்றில் பெரும்பகுதியில் யாரும் ஆடவே இல்லை. காத்திருக்கிறார்கள், கச்சையை இறுக்குகிறார்கள், கணுக்காலைப் பிடித்துவிடுகிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள்.

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘நடன வகுப்பு’ என்ற தைலவண்ண ஓவியத்தைச் சான்றாகச் சொல்லலாம். டெகா 1870-களில் வரைந்தது. பலகைத் தரை சாய்வாகப் பின்னோக்கிப் போகிறது. நடுவில் நரைத்த தலையோடு ஒரு முதியவர் நீண்ட தடியொன்றை ஊன்றி நிற்கிறார். அவர் ஜூல் பெரோ. தம் காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஆட்டக்காரர். ‘ஜிசெல்’ பாலேயின் நடன அமைப்பில் பங்கு கொண்டவர். அவர் எதிரில் ஒரே ஒரு பெண் நின்று பாடத்தைச் செய்து காட்டுகிறாள். மற்றவர்கள் ஆளுக்கொரு மூலையில். இடப்பக்கம் பியானோமீது ஏறி உட்கார்ந்திருக்கும் ஒருத்தி கையைப் பின்னால் வளைத்து முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறாள். அவள் காலடியில், படத்தின் கீழ்முனையில், ஒரு பூவாளி. ஆட்டத்துக்கு முன் தரையில் புழுதி எழாமல் தண்ணீர் தெளிக்க வைத்தது. பக்கத்திலேயே ஒரு சின்ன நாய். அறையின் கோடியில் பிள்ளைகளை அழைத்துவந்த தாய்மார்கள்.

மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ சனிக்கிழமை காலை ஒரு நாட்டிய வகுப்பை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தில் அந்நியமாக எதுவும் இருக்காது. பெரோவின் கையிலுள்ள தடி வெறும் ஊன்றுகோல் அன்று. அதைத் தரையில் தட்டித்தான் அவர் தாளம் சொன்னார். இங்கே ஆசிரியர் தரையில் அமர்ந்து மனைமேல் தட்டுக்கழியால் தட்டுகிறார். ‘தெய்யா தெய்’ முதல் காலத்தில் ஒரு முறை, இரண்டாம் காலத்தில் ஒரு முறை, மூன்றாம் காலத்தில் ஒரு முறை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய பெண்கள் வரிசையாக மிதிக்கிறார்கள். முன்வரிசை முடித்துவிட்டுப் பின்னால் போகிறது. போகும்போதே ஒருத்தி முட்டியைத் தேய்த்துக்கொள்கிறாள், இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறாள். பெஞ்சில் அம்மாக்கள். மேடையில் பார்வையாளர் காணாத உடல் இது. டெகாவைக் கட்டிப்போட்டதும் இதே உடல்தான் என்பது என் வாசிப்பு.

அந்த ஈர்ப்பு எங்கிருந்து வந்தது? அவரிடம் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தம் படங்களை விற்ற அம்ப்ருவாஸ் வொலாரிடம், நடனக்காரி என்பவள் அழகிய துணிகளையும் அசைவையும் தீட்டுவதற்கு ஒரு சாக்கு மட்டுமே என்றாராம். அவருடைய படங்களைச் சேகரித்த அமெரிக்கப் பெண்மணி லூயிசின் ஹாவ்மேயரிடமோ, பழைய கிரேக்கரின் ஒருங்கிசைந்த அசைவு இன்று எஞ்சியிருப்பது பாலேயில் மட்டும்தான் என்ற பொருளில் பேசியிருக்கிறார். ஒன்றில் நடனம் வெறும் சாக்கு, மற்றதில் அது மரபின் கடைசிப் புகலிடம். என்னைக் கேட்டால் இரண்டையும்விட, 1886-ல் சிற்பி பார்த்தலோமேக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னது விஷயத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரே பொருளைப் பத்து முறை, நூறு முறை திரும்பச் செய்ய வேண்டும். கலையில் எதுவும் தற்செயலாகத் தோன்றக் கூடாது, அசைவுகூட. இதுதான் அவர் எழுதியதன் சாரம்.

நாட்டிய ஆசிரியர் எவரும் இதைப் படித்தால் தம் வகுப்பில் தினமும் சொல்வதுதானே என்பார். அடவு என்பதே அதுதான். ஓர் அசைவை உடல் தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பச் செய்வது, பிறகு அதை மேடையில் அந்தக் கணம் பிறந்ததுபோல் காட்டுவது. டெகா தாளில் செய்ததும் இதுவே. குனிந்து காலணியின் நாடாவைக் கட்டும் ஓர் உருவத்தை வரைவார். அதன்மேல் ஒளிபுகும் தாளை வைத்துப் பிரதி எடுப்பார். பிரதியைத் திருப்பிப் போட்டு இடவலம் மாற்றுவார். பத்து ஆண்டு கழித்து அதே முதுகு வேறு வண்ணத்தில் வேறு கூட்டத்துக்கு நடுவே வந்து நிற்கும். தாள் போதவில்லை என்றால் அடியில் ஒரு துண்டை ஒட்டிக்கொண்டு மேலே போவார். நேரில் பார்த்த ஒரு கணத்தைச் சட்டென்று பிடித்துவிட்டார் என்று நமக்குத் தோன்றுவது அவருடைய கைத்தேர்ச்சி. உண்மையில் பெரும்பாலானவை அவருடைய பணியறையில், நினைவிலிருந்தும் மாதிரிப் பெண்களை நிறுத்தி வைத்தும் கட்டி எழுப்பியவை.

இதற்கு அவர் கைப்படவே சாட்சி உண்டு. பாரிஸின் இசைநாடக, நடன அரங்கமான ஓபராவில் செல்வாக்குள்ள நண்பர் ஆல்பர்ட் எஷ்டுக்கு ஒரு கடிதம் எழுதி, நடனத் தேர்வு நாளன்று உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்கித் தரும்படி கேட்கிறார். இத்தனை தேர்வுக் காட்சிகளைப் பார்க்காமலேயே வரைந்துவிட்டேன், கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார். பெரோ நடுநாயகமாக நிற்கும் இன்னொரு வகுப்பு ஓவியம், பாடகர் ஃபோருக்காக 1874-ல் முடித்துக் கொடுத்தது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் காணும் ஒத்திகை அறை ல பெல்த்தியே தெருவின் பழைய ஓபரா கட்டடத்தைச் சேர்ந்தது. அந்தக் கட்டடமோ 1873 அக்டோபரில் தீக்கிரையாகிவிட்டது. எரிந்துபோன அறையில், ஓய்வு பெற்ற ஆசிரியரைக் கொண்டுவந்து நிறுத்தி, நடக்காத வகுப்பை நடத்தியிருக்கிறார் ஓவியர். நாடகக்காரர் வேலையேதான் இது. பாத்திரங்களைத் தேர்ந்து, இடம் குறித்து, ஒளி அமைத்து, யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்வது.

ஒளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்நாளைய பாரிஸ் மேடையில் எரிவாயு விளக்குகள் முன்விளிம்பில், ஆட்டக்காரியின் காலடியில் இருந்தன. வெளிச்சம் கீழிருந்து மேலே அடித்தது. தாடையும் மூக்கின் அடிப்பகுதியும் வெளுக்கும், நெற்றி இருளும். பகல் வெளிச்சத்தில் வளர்ந்த ஓவிய மரபுக்கு இது தலைகீழ். நண்பர்களான ஓவியர்கள் மோனேயும் பிஸாரோவும் வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போனபோது டெகா கூரைக்குக் கீழேயே இருந்தார். அவருடைய கண்பார்வை 1870-களிலேயே மங்கத் தொடங்கியிருந்தது, கூசும் வெயில் அவருக்கு ஆகாது. அந்தச் செயற்கை ஒளியைப் பிடிக்கத்தான் பேஸ்டலை வகைவகையாகக் கையாண்டார். தகட்டில் மை பூசி ஒரே ஒரு பிரதி எடுத்து, அந்த அச்சின் மேல் பேஸ்டல் தீட்டினார். அடுக்கடுக்காகப் பூசி ஒவ்வோர் அடுக்கையும் தாளில் இறுக வைத்தார். மேடை வெளிச்சம் ஒரு பாவாடையில் பட்டுச் சிதறுவதைப் பேஸ்டலின் பொடிபோலக் காட்டும் பொருள் வேறில்லை.

அப்படி அச்சின்மேல் தீட்டியதுதான் 1876-ஐ ஒட்டி வரைந்த ‘நட்சத்திரம்’. அவருடைய படங்களில் உண்மையிலேயே ஒருத்தி ஆடிக்கொண்டிருப்பவை குறைவு, இது அவற்றில் ஒன்று. மேல்மாடத்திலிருந்து பார்ப்பதுபோல் கோணம். கை விரித்து முன்னால் வருகிறாள் முதன்மை ஆட்டக்காரி. பார்வையை அவளிடமிருந்து நகர்த்திப் பின்னால் பாருங்கள். பக்கவாட்டுத் திரைச்சீலை மறைவில் கறுப்பு உடுப்பில் ஓர் ஆண் நிற்கிறார். கால்களும் உடலும் தெரிகின்றன, தலையைச் சீலை மறைக்கிறது. பாரிஸ் ஓபராவில் பருவச் சந்தா கட்டிய செல்வந்தர்களுக்கு மேடைக்குப் பின்னால் போகும் உரிமை இருந்தது. நடனப் பள்ளிச் சிறுமிகளோ பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கறுப்புக் கோட்டுக்கு அங்கே என்ன வேலை என்பது அன்றைய பார்வையாளர் எல்லாருக்கும் தெரியும். டெகா அந்த ஆளுக்கு முகம் கொடுக்கவில்லை, ஆனால் படத்திலிருந்து விலக்கவும் இல்லை.

இதனால் டெகாவை நடனப் பெண்களின் தோழர் என்று சொல்லிவிட முடியாது. 1881-ல், அந்த நண்பர்கள் அடங்கிய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் அணியின் ஆறாவது கண்காட்சியில் ‘பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி’ என்ற சிற்பத்தை வைத்தார். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம், மெழுகு உடல், அதற்கு நிஜத் தலைமுடி, நிஜத் துணியில் கச்சையும் பாவாடையும், காலில் நிஜக் காலணி. விமரிசகர்கள் அருவருத்தார்கள். மாதிரியாக நின்றவள் மரி வான் கோதெம், ஒரு சலவைக்காரியின் மகள், ஓபரா நடனப் பள்ளி மாணவி. அடுத்த ஆண்டே வேலையை இழந்தாள். அதே கண்காட்சியில் டெகா, இளம் கொலைக் குற்றவாளிகளின் முகங்களையும் பேஸ்டலில் வரைந்து வைத்திருந்தார். முகத்தைப் பார்த்தே குற்றத்தைக் கண்டுபிடிக்கலாம் என்ற மூடத்தனம் அறிவியல் வேடம் போட்டுத் திரிந்த காலம். அந்தப் பார்வையின் நிழல் மரியின் முகத்திலும் விழுந்திருக்கிறது. வலித்த காலை அத்தனை நேர்மையாகப் பார்த்த கண்ணே அந்தச் சிறுமியின் முகத்தை ஒரு வகைமாதிரியாகவும் பார்த்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் டெகாவைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பார்வையாளரின் இந்த அதிகாரம் சென்னைக்குப் புதிதன்று. பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிர் ஆடிய பெண்ணை வரைந்த படங்கள் நம்மிடமும் உண்டு. தஞ்சாவூர்க் கம்பெனி ஓவியங்களில் ஆடுகிறவளும் அவள் பின்னால் நிற்கும் மேளக்காரர்களும் வருகிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் இன்ன சாதி, இன்ன தொழில் என்று வெள்ளைக்காரர்களுக்குப் பட்டியல் போட்டுக் காட்ட வரைந்தவை. ஆட்டத்துக்குப் பின் அவள் எப்படி உட்கார்ந்தாள் என்று கேட்கத் தோன்றாத படங்கள். பிறகு 1930-களில் காட்சி வேகமாக மாறியது. 1931-ல் மியூசிக் அகாடமி மேடையில் தேவதாசி மரபில் வந்த கல்யாணி மகள்களின் நாட்டியக் கச்சேரி, அடுத்த ஆண்டு பத்திரிகைகளில் நாட்டியத்தைப் பற்றிய பெரும் வாதம், 1935-ல் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவியின் அரங்கேற்றம், 1936-ல் அவருடைய கலாக்ஷேத்ரா நடனப் பள்ளி, 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். பின்னால் நின்ற மேளக்காரர்கள் மேடையின் ஓரத்தில் அமர்ந்தார்கள். உடை, திரை, விளக்கு எல்லாம் திருத்தி அமைக்கப்பட்டன. இத்தனை மாற்றமும் மேடையைப் பற்றியது. ஓவியர்களும் அந்த மேடையையே பார்த்தார்கள்.

இன்னொரு வழியிலும் பாரிஸும் சென்னையும் இந்த விஷயத்தில் சந்தித்திருக்கின்றன. டெகா இறந்த 1917-லேயே இறந்தவர் சிற்பி ரோதான். 1906-ல் கம்போடிய அரண்மனை நடனக் குழு பிரான்சுக்கு வந்தபோது, அவர்களைத் தொடர்ந்து மார்செய் வரை ரயிலேறிப் போய், சில நாட்களுக்குள் சுமார் 150 படங்கள் வரைந்து தள்ளியவர். எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர் கால நடராசர் செப்புத்திருமேனிகளை அவர் நேரில் பார்த்ததில்லை, புகைப்படங்களில்தான் பார்த்தார். அந்தப் புகைப்படங்களில் சொக்கிப்போய் அவர் எழுதிய ‘சிவ நடனம்’ என்ற உரைநடை, மறைவுக்குப் பின் 1921-ல் அச்சாயிற்று. திருவாலங்காட்டு நடராசரின் தொடையையும் தோளையும் வயிற்றையும் ஒளி தொடும் விதத்தை வரிவரியாக எழுதிச் செல்கிறார். ரோதானுக்கு ஆட்டம் என்பது முழுமை. டெகாவுக்கு அது முடியாத வேலை. நம் ஓவியர்கள் நாட்டியத்தை அணுகும்போது, தெரிந்தோ தெரியாமலோ, ரோதான் பக்கமே சாய்கிறார்கள். நடராசரை வைத்திருக்கும் ஊர், வேறெப்படிச் சாயும்?

ஆனாலும் சென்னை ஓவியர்களுக்கும் அரங்குக்கும் இடையே நல்ல உறவு இருந்திருக்கிறது. 1850-ல் தொடங்கிய ஓவியக் கல்லூரியில் பல தலைமுறைகளுக்குக் கற்பித்த எஸ். தனபால் இளமையில் நடனம் பயின்றவர். அவருடைய சிற்பங்களில் உடல் திரும்பும் விதத்தில் அந்தப் பயிற்சி தெரிகிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் கலைஞர்கள் தங்களுக்கென்று ஒரு திறந்தவெளி அரங்கையும் கட்டிக்கொண்டார்கள். பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி ‘ஸ்பேசஸ்’ அமைத்த நடனக் கலைஞர் சந்திரலேகா, ஓவியரும் வடிவமைப்பாளருமான தஷ்ரத் படேலோடு பல்லாண்டுகள் சேர்ந்து இயங்கினார். 1985-ல் அவர் அமைத்த ‘அங்கிகா’வில் கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயிற்றும் அடவும் பயிற்சியாகவே மேடைக்கு வந்தன. நகையும் கதையும் குறைந்து உடலின் உழைப்பு முன்னுக்கு வந்தது. டெகா இருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூத்து இன்னும் செழிப்பான இடம். சிற்றிதழ்கள் வழியே எழுத்தாளர்களும் ஓவியர்களும் நெருங்கிப் பழகிய காலத்தில் வந்தவர் ந. முத்துசாமி. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து, 1977-ல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அவருடைய மகன் மு. நடேஷ் ஓவியர், மேடை ஒளியமைப்பிலும் பெயர் பெற்றவர். ஓவியக் கண் ஒன்று விளக்குக்குப் பின்னால் இருந்தால் மேடையில் எவ்வளவு மாறும் என்பதைச் சென்னை நாடகப் பார்வையாளர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள்.

தெருக்கூத்தில் டெகாவுக்கு ஏற்ற காட்சிகள் குவிந்து கிடக்கின்றன. இரவு தொடங்குமுன் கலைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து, இடக்கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தாங்களே அரிதாரம் பூசிக்கொள்கிறார்கள். முகத்தில் பாதி துரியோதனன், பாதி ஊர்க்காரர். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று கட்டை அணிகளை ஒருவர் பிடிக்க இன்னொருவர் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார். பிறகு திரை வருகை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, வேடக்காரர் அதன் பின்னால் நின்றே பாடுகிறார். துணிக்கு மேலே கிரீடம், துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால், இடையில் ஒன்றும் தெரியாது. ‘ஓபரா இசைக்குழு’ என்ற ஓவியத்தில் டெகா செய்ததும் கிட்டத்தட்ட இதுவே. பாசூன் என்ற நீண்ட குழல் வாத்தியம் வாசிக்கும் நண்பர் தெசிரே திஹோவையும் சக வாத்தியக்காரர்களையும் முழுதாக வரைந்துவிட்டு, மேலே மேடையில் ஆடும் பெண்களின் தலைகளைச் சட்டத்தின் விளிம்பால் வெட்டிவிட்டார். பாவாடையும் கால்களும்தான் மிச்சம். அது 1870-ஐ ஒட்டி வரைந்தது. அப்படிச் சட்டத்தால் வெட்டுவதை ஐரோப்பா புதுமை என்று கொண்டாடியது. நம் தொண்டை மண்டலத்துக் கூத்துக் களத்தில் அது வழக்கம்.

டெகாவின் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விடக் கூடாது. பார்வை மேலும் மங்கியபோது மெழுகைக் கையால் தடவித் தடவி உருவம் பிடித்தார். ‘சிறு நடனக்காரி’யைத் தவிர வேறு எந்தச் சிற்பத்தையும் வாழ்நாளில் காட்சிக்கு வைக்கவில்லை. இறந்தபின் பணியறையில் சுமார் 150 மெழுகுருவங்கள் கிடந்தன, பல உடைந்த நிலையில். அவற்றில் அவர் திரும்பத் திரும்ப முயன்ற ஒரு நிலை: ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் தூக்கிப் பிடித்து, தன் உள்ளங்காலைத் திரும்பிப் பார்க்கும் பெண். எந்த பாலேயிலும் அப்படி ஒரு நிலை இல்லை. சிமெண்டுத் தரையில் ஒரு மணி நேரம் தட்டடவு போட்ட எந்தப் பெண்ணும் அதைச் செய்கிறாள்.

சென்னையில் இதை வரைய என்ன தடை? இடத்துக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒரு நாட்டிய வகுப்பு இருக்கிறது. தயக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது நான் பார்த்தவரையில் உண்மை. ஆசிரியர்கள் அரைகுறைப் பாடம் வெளியே தெரிவதை விரும்புவதில்லை. பிள்ளைகளைப் படம் எடுப்பதில் பெற்றோருக்கு அச்சம், அது நியாயமான அச்சம், கறுப்புக் கோட்டுக்காரரின் கதையைப் படித்தவர்களுக்கு அது நன்றாகப் புரியும். ஓவியர்கள் பக்கமோ, வாங்குகிறவர் கேட்பது தலைசாமானும் அபிநயமும்தான், உள்ளங்கால் யாருக்கு வேண்டும் என்ற கணக்கு. டெகாவுக்கும் கடன் இருந்தது. 1874-ல் தந்தை இறந்தபின் குடும்பத்தின் வங்கித் தொழில் நொடித்து, படம் விற்றுத்தான் வாழ வேண்டிய நிலை வந்தது. நடனப் படங்கள்தான் அவருக்குச் சோறு போட்டன. முதுகு சொறியும் பெண்ணையும் வாங்க ஆள் வந்தது.

பெற்றோரின் சம்மதத்தோடு, ஆசிரியர் முன்னிலையில், கேமரா இல்லாமல் பென்சிலும் நோட்டுமாக ஒருவர் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் தீங்கில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்திலும் சந்தைகளிலும் ஓவியக் கல்லூரி மாணவர்கள் நோட்டை விரித்து உட்கார்வது இந்நகரம் நன்கு அறிந்த காட்சி. வயது வந்த மாணவிகள் பயிலும் வகுப்புகளிலிருந்தும், கூத்துக் கலைஞர்களின் வேடம் கட்டும் கொட்டகையிலிருந்தும் தொடங்கலாம். நாட்டியப் பள்ளிகளும் ஓவியக் கல்லூரியும் ஆண்டுக்கு ஒரு மாதம் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டால், அடுத்த மார்கழிக் கண்காட்சியின் சுவரில் குறைந்தது ஒரு படமாவது வேறு மாதிரி இருக்கும்.